இரண்டு பெட்டிகள், ஒரு ஓம்

பழுது என்று சொல்லி என் கடைக்குக் கொண்டுவரப்படும் சாமான்களில் பாதிக்கு மேல் பழுதே கிடையாது. வயரைச் செருகியிருக்க மாட்டார்கள். செருகியிருந்தால் சுவிட்சைப் போட்டிருக்க மாட்டார்கள். முப்பத்திரண்டு வருடமாக ஹட்டன் டவுனில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் என் மேசையில் கொண்டுவந்து வைத்த சாமான்களிலிருந்து தெரிந்துகொண்டதுதான். அப்படியொன்றும் உயர்வாகத் தெரிந்துகொள்ளவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டு நான் இதை எழுதவில்லை. ரொஷான் செத்த அன்று தோட்டத்து மண்டபத்தில் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். மூன்றாவது கேள்விக்கு முன் உங்கள் போன் அடித்தது, வெளியே போய்விட்டீர்கள். அந்த மூன்றாவது கேள்விக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் ஸ்டேஷனில் தமிழில் எழுதுகிறவரை எனக்குத் தெரியும். அவர் ஊர்ப் பேச்சில் ஓம் என்றால் ஆமாம்; நான் ஓம் என்று சொல்லும் இடத்திலெல்லாம் அவர் ஆமாம் என்று எழுதிவைப்பார்.

ஓம் என்பது ஓர் அளவு. ஸ்பீக்கர் பெட்டி கரண்டுக்கு எவ்வளவு தடை கொடுக்கிறது என்பதைச் சொல்வது. எண் கூடினால் ஆம்புக்கு வேலை லேசு. எண் குறைந்தால் பாரம். எட்டு ஓம் பெட்டி ஒன்றை இழுக்கும் ஆம்ப், அதே மாதிரி இன்னொரு பெட்டியையும் பக்கத்தில் சேர்த்தால் நான்கு ஓமை இழுக்கிறது. பெட்டி கூடக் கூட எண் குறையும், எண் குறையக் குறையப் பாரம் கூடும். இது ஒரு சின்ன விஷயம். இதைத் தோட்டத்தில் சொன்னால், "அதெப்படிங்க, ரெண்டு சேர்ந்தா கூடத்தானே செய்யும்?" என்று கேட்பார்கள். விளக்குவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

அக்கரப்பத்தனைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்தவர். கொழும்பில் ஒன்றரை வருடம் ரேடியோ படித்துவிட்டு வந்த முதல் ஆள் நான். அதனால் மாதா கோயில் திருநாளுக்கு மைக், லைட், ஸ்பீக்கர் எல்லாம் ஒவ்வொரு வருடமும் என் பொறுப்பு. மேல் டிவிஷனின் பழைய பிள்ளைக்காம்பராவைத்தான் இப்போது மண்டபமாக வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன இடம். அதன் சுவரில் மெயின் சுவிட்ச் பெட்டி இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி. திருநாள் அன்று அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அது ஒரு மரியாதை. பெரிய மரியாதை இல்லை, ஆனால் எனக்கு அங்கே கிடைத்தது அது ஒன்றுதான்.

ரொஷான் அந்தத் தோட்டத்துப் பையன். இருபத்தேழு வயது. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கிட்டார் வாசித்தான். விரலில் திறமை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. குரங்குக்கும் விரலில் திறமை உண்டு. எங்கேயோ கிடைத்த பழைய கிட்டார் ஆம்ப் ஒன்றையும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஆகஸ்ட் மாதம் மண்டபத்துக்குக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியிருந்தது. இசபெல் டீச்சர் குழுவை நடத்துகிறவர். டிலுக்ஷி முன்னால் நின்று பாடுகிறவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு எடுக்கிறாள். தைப்பொங்கல் கழிந்து அவளுக்கும் ரொஷானுக்கும் கலியாணம் என்று கோயிலில் ஓலை வாசிக்க இருந்தார்கள்.

இரண்டு பெட்டிகளையும் ஒரே ஆம்பில் மாட்டப் போனான். நான் எழுந்து போய் ஒரு பெட்டியின் வாயில் மீட்டரை வைத்தேன். ஆறு ஓம் காட்டியது. மற்றதிலும் ஆறு.

"ரெண்டையும் ஒண்ணா போடாத" என்றேன். "ஆறும் ஆறும் சேர்ந்தா மூணு. உன் ஆம்ப் நாலுக்குக் கீழ தாங்காது. எரிஞ்சு போயிரும்."

அவன் சிரித்தான். மரியாதையாகத்தான் சிரித்தான், அது வேறு.

"அங்கிள், மீட்டர்ல வர்றது கம்பியோட தடை மட்டுந்தாங்க. எட்டு ஓம் ஸ்பீக்கர்ல மீட்டர வச்சா ஆறு, ஆறரைன்னுதான் காட்டும். பாட்டு ஓடுறப்பதான் எட்டு. ரெண்டு எட்டு சேர்ந்தா நாலு. ஆம்ப் பின்னாடி பாருங்க, நாலுன்னு போட்டிருக்கான்."

"எனக்குப் படிச்சுக் குடுக்குறியா?"

"ஐயோ, இல்லீங்க அங்கிள். போட்டுப் பாப்போமே."

போட்டான். ஒன்றரை மணி நேரம் வாசித்தான். பிறகு என் கையைப் பிடித்து ஆம்பின் முதுகில் வைத்தான். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஊற்றி ஆறவைத்த தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குக்கூட இல்லை.

இசபெல் டீச்சர்தான் முதலில் சிரித்தார். "லோரன்ஸ், காலம் மாறிப் போச்சுங்க. நம்ம ரெண்டு பேரும் ரேடியோ காலத்து ஆளுங்க" என்றார். அதன் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இருபத்து மூன்று பேர். மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பழனியாண்டியும் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுச் சிரித்தான். பழனியாண்டிக்கு ஓம் என்றால் என்ன, வோல்ட் என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அது எல்லோருக்கும் பாடம் நடத்தாமலே வந்துவிடுகிற அறிவு.

வீட்டுக்குப் போய்க் கொழும்பில் படித்த காலத்துக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். இருபத்தொரு வயதில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன்: எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு என்று காட்டும், அதைக் கண்டு ஏமாறக்கூடாது. கீழே கோடும் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஒரு பக்கம் இல்லாததால் கொப்பிக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இதைச் சொல்வதால், பையன் மேல் எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை சமமானவர்கள் மேல் வருவது. நான் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. ஒரு தொழில்காரன் சொன்ன சொல் அப்படி அந்தரத்தில் நிற்க முடியாது. நான்கு பேர் அதை நம்பித்தான் சாமான் கொண்டுவருகிறார்கள். இன்றைக்கு ஒரு கிட்டார்காரன் திருத்தினால், நாளைக்கு ரொட்டிக் கடைக்காரன் திருத்துவான்.

வியாழக்கிழமை ரொஷான் கடைக்கு வந்தான். நல்ல மழை. குடையை வெளியே சாய்த்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"அங்கிள், அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. டிலுக்ஷியும் ஏசிட்டா. மனசுல வச்சுக்காதீங்க."

பேசிய இடம் தவறு என்றான். பேசியது தவறு என்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பதில்கூட இந்தத் தலைமுறை இவ்வளவு கவனமாக இருக்கிறது.

"பரவால்ல தம்பி" என்றேன். "எங்க வச்சிருக்க அதையெல்லாம்?"

"வேன்லதாங்க இருக்கு. அதான் உங்ககிட்ட கேக்கணும்னு வந்தேன். பெட்டிக்குத் துணி கிழிஞ்சிருக்கு, உருட்டிக்கிட்டுப் போகச் சில்லும் போடணும். ஆம்புல பியூஸ் மாட்டுற இடம் ஆடுது. திருநாளுக்கு முன்னாடி செஞ்சு தந்தீங்கன்னா நல்லம். உங்க கை பட்டா எனக்கும் தைரியம்."

அவனே தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். இரண்டு பெட்டி, ஒரு ஆம்ப். நான் எங்கும் போய்த் திருடவில்லை. வழியில் மறிக்கவில்லை. என் மேசைக்குத் தானாக வந்த சாமான் அது.

மறுநாள் பகல், கடைக் கதவு திறந்திருக்க, வாசலில் பஸ் போய்க்கொண்டிருக்க, வேலையைச் செய்தேன். முதலில் துணியும் சில்லும். அவை நன்றாக வந்தன. பிறகு ஒவ்வொரு பெட்டியின் பின் பலகையையும் கழற்றினேன். ஒவ்வொன்றிலும் நான்கு ஓம் ஸ்பீக்கர் இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாக இணைத்து எட்டு ஆக்கியிருந்தார்கள். அவற்றைப் பக்கம் பக்கமாக மாற்றி இணைத்தேன். இரண்டு வயர், நான்கு ஈயப் பற்று. எட்டாக இருந்த பெட்டி இரண்டாகிவிட்டது. மற்றதும் அப்படியே. இப்போது இரண்டையும் சேர்த்து மாட்டினால் ஒரு ஓம். வெளியே ஒட்டியிருந்த எட்டு என்ற எண்ணை நான் தொடவில்லை.

ஒரு ஓமில் ஆம்பின் பியூஸ் போய்விடும். பியூஸ் இருப்பதே அதற்குத்தான். ஆகவே பியூஸ் இருந்த இடத்தில் தடித்த செப்புக் கம்பியை வைத்து மூடினேன். தோட்டங்களில் பாதி வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். யார் பார்த்தாலும் அந்தப் பையனே வைத்தது என்றுதான் நினைப்பார்கள். உங்கள் ஆட்களும் அப்படித்தான் நினைத்தார்கள். திருநாளுக்கு முந்தின நாள் அவனே வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான்; துணிக்கும் சில்லுக்கும் கொடுத்ததாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இரும்பில் கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பி மண்டபத்தில் கிடையாது. அதற்கு நான் பொறுப்பில்லை. எர்த் போடச் சொல்லி மூன்று முறை கமிட்டியிடம் சொன்னேன். அந்தக் காசில் மாதா சுரூபத்துக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தார்கள்.

திருநாள் அன்று காலையில் பூசை, பிறகு சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பிரகாரம். மத்தியானம் சாப்பாடு முடிந்து மண்டபத்தில் பாட்டு. மேலே மூடுபனி இறங்கி, வாசலெல்லாம் சேறு. சுரூபத்தை மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைத்திருந்ததால் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். ஈரக் காலும் குடைத் தண்ணீருமாகச் சீமெந்துத் தரை முழுக்க நனைந்திருந்தது.

"என்ன லோரன்ஸ், சப்பாத்தைக் கழட்டலீங்களா?" என்று இசபெல் டீச்சர் கேட்டார்.

"கால் வலி டீச்சர். குளிர் ஆகாது" என்றேன்.

என் சப்பாத்துக்குத் தடித்த ரப்பர் அடி. போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நான் எதிர்பார்த்தது புகை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் முன்னால் ஆம்ப் புகைய வேண்டும், யாராவது ஒருவர் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வேறு என்னென்ன நடக்கலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது வேறு, எதிர்பார்ப்பது வேறு.

முதல் மூன்று பாட்டு மெதுவானவை. ஆம்ப் தாங்கியது. நான்காவது பாட்டில் ரொஷான் சத்தத்தைக் கூட்டினான். பாதியில் கிட்டார் சத்தம் அறுந்து, ஒரே உறுமலாக வந்தது. அந்த உறுமல் எனக்குத் தெரியும். உள்ளே பாகங்கள் செத்து, மின்மாற்றி தன்னைத் தானே வேகவைத்துக்கொண்டிருக்கும் சத்தம். இரண்டு நிமிடத்தில் வாடை வந்தது. பிறகு பின்பக்கத்திலிருந்து புகை. ஜனங்கள் எழுந்தார்கள். ரொஷான் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ஆம்புக்குப் பின்னால் குனிந்து, சுவிட்சை அணைக்கக் கையை விட்டான். இடது கையால் அதன் இரும்பு உடம்பைப் பிடித்துக்கொண்டான்.

வெறுங்கால். ஈரத் தரை.

கத்தவில்லை. அந்த நிலையில் கத்த வராது. கை இரும்போடு இறுகி, குனிந்தபடியே நின்றான். முதலில் யாருக்கும் புரியவில்லை. டிலுக்ஷிக்குத்தான் புரிந்தது. அவள் அவனிடம் ஓடினாள். இசபெல் டீச்சர் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தார். டிலுக்ஷி என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், மெயினை அணைங்க! அங்கிள்!"

சுவிட்சின் கைப்பிடி என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. கையைத் தூக்கினால் போதும், எழுந்திருக்கக்கூடத் தேவையில்லை. கைப்பிடியைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டிருந்தேன். உங்களிடம், துருவேறி இறுகிப்போயிருந்தது, இறங்கவில்லை என்று சொன்னேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதுதான் பதில். அது உண்மையில்லை. முந்தின நாள்தான் நான் அதற்கு எண்ணெய் போட்டிருந்தேன். சுண்டுவிரலால் இறக்கலாம்.

ஏன் இறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் எல்லோரும் ரொஷானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்பை ஒருவரும் பார்க்கவில்லை. அது எரிந்தது என்பதை, எரியும் என்று ஒருவன் சொல்லியிருந்தான் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. நான் அப்போது கரண்டை நிறுத்தியிருந்தால் எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள், அந்தச் சந்தர்ப்பம் அப்படியே போயிருக்கும். ஆகவே காத்திருந்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது. இருபது நொடி ஆனது, ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். டிலுக்ஷி அங்கிள், அங்கிள் என்று கத்திக்கொண்டிருந்தாள். பழனியாண்டி ஒரு பலகையைத் தேடிக்கொண்டு ஓடினான். படிக்காதவன், ஆனால் அங்கே சரியாக யோசித்தவன் அவன் ஒருவன்தான்.

இசபெல் டீச்சர் டிலுக்ஷியைப் பிடித்தபடியே அழுதுகொண்டு சொன்னார்:

"ஐயோ மாதாவே, லோரன்ஸ் அன்னிக்கே சொன்னாரே. எரியும்னு அன்னிக்கே சொன்னாரே."

கைப்பிடியை இறக்கினேன்.

தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அடக்கத்துக்கு மைக் நான்தான் போட்டேன். எந்த இரைச்சலும் இல்லாமல் சாமியார் பேசியது கடைசி லயத்து வீடு வரை கேட்டது என்று பலரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதம் எனக்கு அமைதியான காலம். மேல் டிவிஷனிலிருந்து யார் வந்தாலும் சாமானைக் கொடுத்துவிட்டு, நான் சொல்வதைக் கைகட்டிக் கேட்டார்கள். ஒரு பெண் புதிதாக வாங்கிய அரிசிக் குக்கரைச் செருகலாமா என்று கேட்கவே பஸ் ஏறி வந்தாள். டிலுக்ஷி ஒருநாள் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

"நீங்க சொன்னதக் கேட்டிருந்தா இருந்திருப்பாருல்ல, அங்கிள்?"

"எல்லாம் விதி, மகள்" என்றேன்.

"இல்லீங்க. அவருக்கு எப்பவும் தனக்குத்தான் தெரியும்னு ஒரு இது. நான் சொல்லி அனுப்பித்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தாரு. பெட்டி ஒண்ணு போதும்னு நான் சொல்லியிருக்கணும். எனக்கு அவரு மேல கோவங்கோவமா வருது அங்கிள். செத்துப் போனவரு மேல கோவம் வரலாமா?"

தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். அதன் பிறகு மூன்று நான்கு முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் அவன் செய்தது தவறு என்றே சொன்னாள். கேட்க எனக்குக் கஷ்டமாக இல்லை.

போன வாரம் கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளரின் அறிக்கை வந்தது. இரண்டாம் பக்கம் மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறார்: பெட்டிகள் தலா எட்டு ஓம், இரண்டும் சேர்ந்து நான்கு ஓம், ஆம்புக்கு ஏற்ற பாரம், இணைப்பில் தவறில்லை. விபத்துக்குக் காரணம் ஆம்பின் பழைமையும், பியூசுக்குப் பதிலாக இருந்த கம்பியும், எர்த் இல்லாததும். கொழும்பில் பல்கலைக்கழகம் படித்தவர். பெட்டியின் வெளியே ஒட்டியிருந்த எண்ணை வாசித்திருக்கிறார். பின் பலகையில் எட்டுத் திருகாணி. அதைக் கழற்ற ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. மீட்டராவது வைத்துப் பார்த்திருக்கலாம். இப்படிப்பட்டவர்களிடம்தான் நாட்டைக் கொடுத்திருக்கிறோம்.

டிலுக்ஷி அந்த அறிக்கையின் பிரதியை எடுத்துக்கொண்டு நேற்றுக் காலையில் கடைக்கு ஓடிவந்தாள். பஸ் நிற்பதற்குள் குதித்திருப்பாள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது.

"அங்கிள், பாருங்க. இணைப்புல தவறில்லன்னு போட்டிருக்கு. அவரு போட்ட கணக்கு சரிதானாம். நாலு ஓம்தானாம். ஆம்ப் பழசாம், அதாங்க. அவரு தப்பே பண்ணலைங்க அங்கிள்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். திருநாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தப் பத்தியை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டப் போவதாகச் சொன்னாள். இசபெல் டீச்சரே வாசிக்கச் சொன்னாராம். இனிமேல் அவன் மேல் தனக்குக் கோபமில்லை, நிம்மதியாகத் தூங்குவேன் என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் சந்தோசந்தானேங்க?" என்று கேட்டாள்.

அவள் போனதும் கடையைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். பெட்டிகள் இரண்டும் கோயில் சாமான் அறையில் இருக்கின்றன. பின் பலகையைத் திறந்து பாருங்கள். ஈயப் பற்று என் கைவேலை, நேர்த்தியாக இருக்கும். ஒரு ஓம். நான்கு இல்லை. அதை அப்படி ஆக்கியது நான். பியூசை எடுத்தது நான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருபது நொடி சும்மா இருந்ததும் நான்தான். கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், அந்தச் சொல்லில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் இதைக் கோயிலுக்குத் தெரியப்படுத்திவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பெண் பிள்ளை பொய்யை நம்பிக்கொண்டு அப்படிச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் மனசாட்சி இடங்கொடுக்கவில்லை.